கிருமியின் பெயர் என்ன? நிமிடங்களில் சொல்லும் லேசர் தராசு!

ஐ.சி.யூ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஓர் இரவைக் கழித்தவர்கள் எல்லோருக்கும் இந்த வாக்கியம் தெரிந்திருக்கும். 'கல்ச்சர் ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம்.'

உள்ளே அப்பாவுக்கோ மாமியாருக்கோ காய்ச்சல் 103 டிகிரி. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. ரத்தத்தில் ஏதோ கிருமி கலந்துவிட்டது என்கிறார்கள். ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டார்கள். ஆனால், அது சரியான மருந்தா? "என்ன கிருமின்னு தெரிஞ்சுதா டாக்டர்?" என்று வீட்டார் கேட்டால், "ரத்தம் லேபுக்குப் போயிருக்கும்மா. ரெண்டு மூணு நாள் ஆகும்" என்று பதில் வரும்.

ஸ்கேன் எடுத்தால் அரை மணி நேரத்தில் படம் வருகிறது. சர்க்கரை அளவு ஒரு சொட்டு ரத்தத்தில் சில விநாடிகளில் தெரிகிறது. கிருமியின் பெயரைச் சொல்ல மட்டும் ஏன் இத்தனை நாள்? இந்தக் கேள்விக்கு விடையாக, கடந்த பதினைந்து ஆண்டுகளாகப் பெரிய ஆய்வகங்களுக்குள் ஒரு கருவி நுழைந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் மால்டி டாஃப். கிருமியின் புரதங்களை லேசரால் பறக்கவிட்டு எடைபோடும் தராசு அது. குச்சி நுனியில் எடுத்த துளியூண்டு கிருமி போதும். சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடும்.

கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்

தாமதத்தின் காரணம் லேப்காரர்களின் சோம்பல் அல்ல. நோயாளியின் ரத்தத்தில் பாக்டீரியா இருந்தாலும், அது மிக மிகக் குறைவான எண்ணிக்கையில்தான் இருக்கும். ஒரு மில்லி ரத்தத்தில் ஒன்றிரண்டுகூட இல்லாமல் போகலாம். மைக்ராஸ்கோப்பில் நேரடியாகத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் முதலில் அதற்குச் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டும். கல்ச்சர் என்பது அதுதான்.

சத்துள்ள திரவம் நிரம்பிய பாட்டிலில் ரத்தத்தை ஏற்றி, உடல் சூட்டுக்கு நெருக்கமான வெப்பத்தில் வைப்பார்கள். கிருமி இருந்தால் பெருகும். பெருகும்போது கரியமில வாயுவை வெளிவிடும். அதைக் கருவி உணர்ந்து சத்தம் எழுப்பும். பெரும்பாலான கிருமிகளுக்கு இந்த முதல் கட்டமே 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை எடுக்கும்.

அடுத்தது கிராம் ஸ்டெயின். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் வெளியிட்ட சாயமேற்றும் முறை இது. பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்தால், கிருமி ஊதாவா சிவப்பா, உருண்டையா குச்சியா என்று தெரியும். கிருமி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது இதில் தெரிந்துவிடும். ஆளின் பெயர் தெரியாது.

பெயர் தெரிய, அந்தச் சொட்டை அகர் தட்டில் தடவி ஒரு ராத்திரி வளர்க்க வேண்டும். மறுநாள் காலையில் தட்டில் குண்டூசித் தலை அளவில் சின்னச் சின்னப் புள்ளிகள் முளைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரே கிருமியின் கோடிக்கணக்கான பிள்ளைகள்.

இந்த அகர் ஆய்வகத்துக்கு வந்ததே சமையலறை வழியாகத்தான். 1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் காக் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே, வெயில் காலத்தில் ஜெலட்டின் உருகி ஓடுவதைப் பார்த்துத் தவித்தார். அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தான் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த டச்சுக் குடும்பத்தினரிடமிருந்து அவர் தெரிந்துகொண்ட பொருள் அது. இன்றுவரை உலகம் முழுக்கக் கிருமிகள் அதன்மேல்தான் வளர்கின்றன. நோன்பு காலத்தில் பல வீடுகளில் பால் விட்டுச் செய்யும் கடல்பாசி, கடையில் சைனா கிராஸ் என்று கேட்டு வாங்குவது, இரண்டும் இதே அகர்தான். ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகர் தயாரிக்கப் போவதுதான்.

வாசனை பிடித்துப் பெயர் சொன்ன காலம்

தட்டில் புள்ளிகள் முளைத்த பிறகு, பழைய முறையில் இன்னொரு நாள் வேலை காத்திருக்கும். இந்தக் கிருமி லாக்டோஸைப் புளிக்க வைக்கிறதா? யூரியாவைச் சிதைக்கிறதா? ஹைட்ரஜன் பெராக்ஸைடு விட்டால் நுரைக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சோதனைக் குழாய். நிறம் மாறியதா இல்லையா என்று பார்க்க மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். ஆம், இல்லை என்று கிடைக்கும் பதில்களை வரிசைப்படுத்திப் பெயரை முடிவு செய்வார்கள்.

அனுபவசாலிகள் தட்டைப் பார்த்ததுமே யூகித்துவிடுவார்கள். கொழகொழவென்று இழுத்தால் கிளெப்சியெல்லாவாக இருக்கலாம். தட்டு பச்சையாகி, திராட்சைப்பழ வாசனை வந்தால் சூடோமோனாஸ் ஏருஜினோசாவாக இருக்கலாம். ஆனால் யூகத்தை ரிப்போர்ட்டில் எழுத முடியாது. சோதனைகள் முடிந்தாக வேண்டும்.

ஆக, பாட்டிலில் ஒரு நாள், தட்டில் ஒரு நாள், குழாய்களில் ஒரு நாள். மால்டி டாஃப் ஒழித்தது இந்த மூன்றாவது நாளை.

கொட்ட மனமில்லாத பொடி

இந்தக் கருவியின் கதை, மருத்துவமனையில் தொடங்கவில்லை. ஜப்பானில் கியோட்டோ நகரில் இருக்கும் ஷிமாட்சு என்ற கருவி தயாரிக்கும் நிறுவனத்தில் தொடங்கியது.

கொய்ச்சி தனகா 1959-ல் தொயாமா நகரில் பிறந்தவர். பிறந்த ஒரு மாதத்துக்குள் பெற்ற தாய் இறந்துவிட, சித்தப்பா குடும்பம்தான் வளர்த்தது. கல்லூரிக்குப் போகும் வயதில்தான் அந்த உண்மை அவருக்குத் தெரிந்தது. படித்தது எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங். ஜெர்மன் மொழிப் பாடத்தில் தவறியதால் கல்லூரியில் ஒரு வருடம் கூடுதலாக இருக்க வேண்டிவந்தது. 1983-ல் ஷிமாட்சுவில் வேலைக்குச் சேர்ந்தார். அவரிடம் இருந்தது இளநிலைப் பட்டம் மட்டும். பிஹெச்.டி இல்லை.

அவரிடம் கொடுக்கப்பட்ட வேலை சிக்கலானது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி மூலக்கூறுகளை எடைபோடும். எடைபோட வேண்டுமானால் மூலக்கூறைப் பறக்கவிட வேண்டும். அதற்கு மின்னூட்டமும் ஏற்ற வேண்டும். சின்ன மூலக்கூறுகள் அப்படிப் பறந்துவிடும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறு பறக்காது. லேசர் சூட்டைப் பாய்ச்சினால் உடைந்து சிதறிவிடும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் உருமாறுவதைப் போல, புரதத்துக்குச் சூடு ஆகாது. பெரிய மூலக்கூறை உடையாமல் பறக்கவைக்கவே முடியாது என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள்.

லேசர் சூட்டைத் தாங்கிக்கொண்டு புரதத்தை மெல்லத் தூக்கிவிடும் ஒரு துணைப் பொருளைத் தனகா தேடிக்கொண்டிருந்தார். மிக நுண்ணிய கோபால்ட் பொடியைப் பயன்படுத்திப் பார்த்தார். 1985 பிப்ரவரியில் ஒரு நாள், பொடியைக் கரைக்க அசிட்டோன் எடுப்பதற்குப் பதிலாகத் தவறுதலாக கிளிசரினை எடுத்து ஊற்றிவிட்டார்.

தவறு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பொடி விலை அதிகம். வீணாக்கக் கூடாது என்பதைச் சொல்ல ஜப்பானில் 'மொத்தைனை' என்று ஒரு வார்த்தை உண்டு. கீழே கொட்ட மனமில்லாமல், அதையே மெஷினில் வைத்தார். கிளிசரின் சீக்கிரம் காயட்டும் என்று லேசரை அடித்துக்கொண்டே இருந்தார். திரையில் அதுவரை பார்த்திராத ஒரு மேடு தெரிந்தது. சோதனைக்கு வைத்த வைட்டமின் பி12 மூலக்கூறு உடையாமல் பறந்திருந்தது.

பிறகு அவர் குழு அதே வழியில் போய் புரதங்களையும் பறக்கவைத்தது. 1987-ல் அந்த முடிவுகளை வெளியே சொன்னார்கள். அதே காலத்தில் ஜெர்மனியில் ஃபிரான்ஸ் ஹில்லன்காம்ப், மைக்கேல் கராஸ் இருவரும் வேறொரு வழியில் அதே இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். லேசர் ஒளியை உறிஞ்சும் ஒருவகை அமிலப் படிகத்தில் புரதத்தைக் கலந்துவைத்து அடித்தார்கள். 1988-ல் பெரிய புரதங்களையும் பறக்கவைத்துக் காட்டினார்கள். மால்டி என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். இன்று ஆய்வகங்களில் இருக்கும் கருவிகள் பின்பற்றுவது இந்த ஜெர்மன் வழியை.

2002 அக்டோபரில் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது தனகாவின் பெயர் அதில் இருந்தது. அமெரிக்காவின் ஜான் ஃபென், சுவிட்சர்லாந்தின் குர்ட் வுத்ரிச் ஆகியோருடன் பகிர்ந்த பரிசு. தனகாவுக்கு அப்போது 43 வயது. கம்பெனி வேலை உடையிலேயே பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து நின்ற அவரை ஜப்பான் கொண்டாடித் தீர்த்தது. ஹில்லன்காம்ப், கராஸ் இருவருக்கும் பரிசில் பங்கு கிடைக்காதது சரியா என்ற விவாதமும் கூடவே எழுந்தது.

ஒரே தள்ளு, ஒரே ஓட்டம்

கருவி வேலை செய்யும் விதம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்.

அகர் தட்டில் முளைத்த ஒரு புள்ளியை, பல் குத்தும் மரக்குச்சியின் நுனியால் தொட்டு எடுப்பார் லேப் டெக்னீஷியன். அதை ஒரு ஸ்டீல் தட்டில் தடவுவார். உள்ளங்கை அளவுத் தட்டில் 96 இடங்கள் வரை இருக்கும். அதன்மேல் துணைத் திரவத்தை ஒரு மைக்ரோலிட்டர் விடுவார். ஒரு சொட்டில் ஐம்பதில் ஒரு பங்குதான் அது. இலவங்கப்பட்டையால் பெயர் பெற்ற சின்னமிக் அமிலத்தின் உறவுக்காரப் பொருள் ஒன்றுதான் அதில் பொதுவாக இருக்கும். காய்ந்ததும் கிருமியின் புரதங்கள் படிகங்களுக்குள் அடைந்துகொள்ளும்.

தட்டை மெஷினுக்குள் தள்ளி, காற்றை வெளியேற்றுவார்கள். புற ஊதா லேசர் படிகத்தின்மேல் துடிக்கும். ஒளியைப் படிகம் வாங்கிக்கொண்டு ஆவியாகும்போது, புரதங்களும் கூடவே உடையாமல் கிளம்பும். மின்னூட்டம் பெற்ற அந்தப் புரதங்களை, சுமார் 20,000 வோல்ட் மின்னழுத்தம் ஒரே சமயத்தில் முன்னால் தள்ளும். எதிரே காற்றில்லாத நீளக் குழாய். கடைசியில் ஒரு உணர்கருவி.

ரப்பர் பந்தையும் இரும்புக் குண்டையும் ஒரே வலுவில் உருட்டிவிட்டால் எது முந்தும்? எடை குறைந்ததுதான். இங்கேயும் அதே கணக்கு. இலேசான புரதம் முதலில் போய்ச் சேரும், கனமானது பின்னால் வரும். எடை 4 மடங்கானால் பயண நேரம் 2 மடங்காகும். ஒரு மீட்டர் குழாயைக் கடக்க ஒரு நடுத்தரப் புரதத்துக்கு ஆகும் நேரம், ஒரு விநாடியில் லட்சத்தில் நான்கைந்து பங்கு. யார் எப்போது வந்து சேர்ந்தார்கள் என்பதை வைத்து ஒவ்வொன்றின் எடையையும் கம்ப்யூட்டர் கணக்கிட்டுவிடும். டாஃப் என்பது இந்தப் 'பறக்கும் நேரத்தை'க் குறிக்கும் சுருக்கப் பெயர்தான்.

திரையில் ஈ.சி.ஜி போல மேடும் பள்ளமுமாக ஒரு வரைபடம் விழும். அதில் தெரிபவற்றில் பெரும்பாலானவை ரைபோசோம் புரதங்கள். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் பட்டறைதான் ரைபோசோம். வளரும் பாக்டீரியா ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் பட்டறைகள் இருக்கும். ஒவ்வோர் இனத்திலும் அந்தப் புரதங்களின் எடை கொஞ்சம் கொஞ்சம் மாறும். அதனால் வரைபடமும் இனத்துக்கு இனம் மாறும்.

ரேஷன் கடை கைரேகை மாதிரி

ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால், ஏற்கெனவே பதிந்துவைத்த ரேகையோடு ஒப்பிட்டுப் பெயரைச் சொல்கிறது அல்லவா? மால்டி டாஃபும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான கிருமிகளின் வரைபடங்கள் அதன் டேட்டாபேஸில் இருக்கும். புதிதாக வந்த வரைபடத்தை அவற்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். பரவலாகப் பயன்படும் ஒரு கருவியில் 2.0-க்கு மேல் வந்தால் இனத்தின் பெயரை நம்பலாம். 1.7-க்குக் கீழே போனால் நம்பக் கூடாது.

பாக்டீரியாவை இப்படி அடையாளம் காணும் யோசனை புதிதல்ல. 1975-லேயே அமெரிக்காவில் ஜான் அன்ஹால்ட், கேத்தரின் ஃபென்செலாவ் இருவரும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பாக்டீரியாவை வைத்துப் பார்த்திருந்தார்கள். முழு பாக்டீரியாவை அப்படியே மால்டியில் வைத்து வரைபடம் எடுக்கலாம் என்று 1996-ல் பிரிட்டன், அமெரிக்க ஆய்வுக்குழுக்கள் காட்டின. ஆனால் தினசரி மருத்துவமனை வேலைக்கு இது தாங்குமா என்ற சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

அதைத் தீர்த்துவைத்த ஆய்வுகளில் முக்கியமானது 2009-ல் பிரான்ஸின் மார்செய் நகரிலிருந்து வந்தது. மருத்துவமனைக்கு வந்த 1,660 பாக்டீரியா மாதிரிகளைப் பழைய முறையிலும் மால்டி டாஃபிலும் பார்த்தார்கள். 95.4 சதவிகித மாதிரிகளை மெஷின் சரியாக அடையாளம் கண்டது. அதில் 84.1 சதவிகிதம் இனத்தின் பெயர் வரை துல்லியம், மீதி குடும்பப் பெயர் அளவில். ஒரு மாதிரிக்கு ஆன நேரம் சராசரியாக 6 நிமிடம். செலவு, பழைய முறையில் ஆவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று மதிப்பிட்டார்கள்.

2013-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ இந்த வகைக் கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது. இந்தியாவில் வேலூர் சி.எம்.சி., சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற பெரிய மருத்துவமனைகளின் ஆய்வகங்களில் இது வேலை பார்க்கிறது. சோதனைக்கு ஆகும் பொருள் செலவு சொற்பம்தான். மெஷினின் விலை கோடி ரூபாய் கணக்கில் இருப்பதால், சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு இன்னும் எட்டவில்லை. பல இடங்களில் மாதிரியைப் பெரிய லேபுக்கு அனுப்பித்தான் பார்க்கிறார்கள்.

பெயர் தெரிந்தால் என்ன மாறும்?

ஒரு நாள் முன்னால் பெயர் தெரிவதால் நோயாளிக்கு என்ன லாபம்? மூன்று கிருமிகளைப் பார்த்தால் புரியும்.

மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் கொத்து மாதிரி ஊதா உருண்டைகள் தெரிகின்றன. அது ஸ்டஃபைலோகாக்கஸ். இந்தக் குடும்பத்தில் எபிடெர்மிடிஸ் என்பது எல்லோர் தோலிலும் குடியிருப்பது. ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு பாட்டிலுக்குள் வந்திருக்கலாம். நோயாளிக்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதே குடும்பத்தின் ஆரியஸ் ரத்தத்தில் இருந்தால், இதய வால்வு வரை போய் உட்கார்ந்துகொள்ளும் ஆபத்தான நோய். கிராம் ஸ்டெயினில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மெஷின் இரண்டையும் சட்டென்று பிரித்துவிடும். ஒருவருக்குத் தேவையில்லாத மருந்து நிற்கும், இன்னொருவருக்கு இதய ஸ்கேன் அன்றைக்கே நடக்கும்.

இரண்டாவது, ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ் மால்டோஃபிலியா. வெகுநாள் ஐ.சி.யூ-வில் வென்டிலேட்டரில் இருப்பவர்களைப் பிடிக்கக்கூடியது. இப்படிப்பட்ட நோயாளிக்குப் பெரும்பாலும் மெரோபெனம் என்ற விலை உயர்ந்த ஊசி போய்க்கொண்டிருக்கும். இந்தக் கிருமிக்கு அந்த மருந்தை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே உண்டு. எத்தனை பாட்டில் ஏற்றினாலும் பலனில்லை. ஆனால் மிக மலிவான, பழைய மருந்தான கோட்ரைமாக்ஸசோல் பல நேரங்களில் வேலை செய்யும். பெயர் தெரிந்த நிமிடமே டாக்டர் மருந்தை மாற்ற யோசிக்கலாம்.

மூன்றாவது, தென்னிந்திய மழைக்கால நோயான மெலியாய்டோசிஸ். 1910-களில் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவர் முதலில் விவரித்த நோய் இது. இதைக் கொண்டுவரும் பர்க்கோல்டீரியா சூடோமல்லை என்ற கிருமி, சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருக்கும். வயலில் இறங்கி வேலை பார்க்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களை அதிகம் பிடிக்கும். நுரையீரலில், கல்லீரலில், மண்ணீரலில் சீழ் பிடிக்கும். பார்ப்பதற்குக் காசநோய் போலவும் இருக்கும் என்பதால் காசநோய் மருந்தே தொடர்ந்து கொடுக்கப்படுவதும் உண்டு. பழைய சோதனைகளில் இதை வேறு சாதாரண கிருமி என்று எழுதிவிடும் வாய்ப்பும் அதிகம். சரியான பெயர் தெரிந்தால்தான், முதலில் ஊசி மருந்தும் பிறகு மாதக்கணக்கில் மாத்திரையும் என்று முறையான சிகிச்சை கிடைக்கும்.

மெஷினுக்கும் தெரியாதவை

ரேஷன் கடை மெஷினில் ரேகை பதியாதவரின் விரலை வைத்தால் என்ன ஆகும்? இங்கேயும் அதே பிரச்னைதான். டேட்டாபேஸில் இல்லாத கிருமியை மெஷினால் சொல்ல முடியாது. சில நேரம் நெருங்கிய உறவுக்காரன் பெயரைச் சொல்லிவிடும். மெலியாய்டோசிஸ் கிருமியின் வரைபடம் பழைய டேட்டாபேஸ்களில் இல்லாததால், பெரிதாகத் தீங்கு செய்யாத அதன் உறவான பர்க்கோல்டீரியா தாய்லாண்டென்சிஸ் என்று மெஷின் சொன்ன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. கிருமியைத் தெரிந்த மைக்ரோபயாலஜிஸ்ட், 'இந்த ஊரில், இந்த நோயாளியிடம் அது எப்படி?' என்று சந்தேகப்பட்டால்தான் உண்மை வெளியே வரும்.

பூஞ்சைகளிலும் இதே பாடம் கிடைத்தது. 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதில் எடுத்த மாதிரியிலிருந்து கேண்டிடா ஆரிஸ் என்ற புதிய பூஞ்சையை விவரித்தார்கள். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. சில ஆண்டுகளில் அது இந்தியா உட்படப் பல நாடுகளின் ஐ.சி.யூ-க்களில் தலைகாட்டியது. பல மருந்துகளுக்கு அடங்காது, வார்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும். பழைய சோதனை முறைகள் இதை வேறொரு கேண்டிடா என்று தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தன. டேட்டாபேஸில் சேர்த்த பிறகு, மால்டி டாஃப் இதைச் சரியாகக் காட்டிக்கொடுக்கிறது.

இரட்டைப் பிள்ளைகளிடமும் மெஷின் தடுமாறும். சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான இ.கோலையும், சீதபேதி கொண்டுவரும் ஷிகெல்லாவும் அவ்வளவு நெருக்கம். புரத வரைபடத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். பழைய சோதனைகளைத்தான் நாட வேண்டும். டைஃபாய்டு கிருமியை சால்மோனெல்லா என்று சொல்லும். அதில் எந்த வகை என்பதற்கு வேறு சோதனை வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எல்லை ஒன்று உண்டு. மால்டி டாஃப் கிருமியின் பெயரைச் சொல்லும். எந்த மருந்துக்கு அது சாகும் என்பதைப் பொதுவாகச் சொல்லாது. ஒரே பெயருள்ள இரண்டு கிருமிகளில் ஒன்று சாதாரண மருந்துக்கு அடங்கும், இன்னொன்று எதற்கும் அடங்காது. அதைத் தெரிந்துகொள்ள, மருந்துகளோடு சேர்த்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சென்சிட்டிவிட்டி சோதனைதான் வழி. அதற்கு இன்னும் ஒரு நாள் வேண்டும். 2019-ல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்கிறது லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு. அதனால் பெயர் கிடைத்த பிறகும் இந்த இரண்டாவது ரிப்போர்ட்டுக்கு டாக்டர்கள் காத்திருக்கிறார்கள்.

குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியவை

எவ்வளவு விலை உயர்ந்த மெஷின் இருந்தாலும், பாட்டிலில் கிருமி வளர்ந்தால்தான் அதற்கு வேலை. வளரவிடாமல் கெடுக்கும் காரியங்கள் பல நேரம் வீட்டிலேயே நடந்துவிடுகின்றன.

* போன தடவை மிச்சம் இருந்த ஆன்டிபயாடிக்கை, காய்ச்சல் வந்ததும் இரண்டு வேளை போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். நோய் இருக்கும், ரிப்போர்ட்டில் இருக்காது. அப்படிப் போட்டிருந்தால் மறைக்காமல் மருந்தின் பெயரை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

* ரத்தக் கல்ச்சருக்கு முடிந்தவரை முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுப்பார்கள். ஆனால் ரத்த அழுத்தம் இறங்கி உயிர் ஆபத்தில் இருப்பவருக்கு, ரிப்போர்ட் வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். ரத்தம் எடுத்த கையோடு மருந்து தொடங்கிவிடும்.

* "இவ்வளவு ரத்தமா?" என்று பதற வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வரை தேவை. இரண்டு கைகளிலும் தனித்தனியாக எடுப்பது, தோலில் இருந்த கிருமி எது, ரத்தத்தில் இருந்தது எது என்று பிரித்துப் பார்க்கத்தான்.

* முதலில் வரும் ரிப்போர்ட், பெயர் மட்டும் உள்ள இடைக்கால ரிப்போர்ட்டாக இருக்கலாம். மருந்துப் பட்டியலோடு முழு ரிப்போர்ட் பின்னால் வரும். அதில் மருந்துக்கு நேராக 'எஸ்' என்ற எழுத்து இருந்தால் கிருமி அதற்கு அடங்கும், 'ஆர்' இருந்தால் அடங்காது.

* ரிப்போர்ட் வந்த பிறகு டாக்டர் மருந்தை மாற்றினால், முதலில் கொடுத்தது தவறு என்று அர்த்தமில்லை. பெயர் தெரியாதபோது பல கிருமிகளையும் தாக்கும் மருந்தைக் கொடுப்பதும், பெயர் தெரிந்ததும் குறிபார்த்துக் கொடுப்பதும்தான் முறை. விலை குறைந்த மருந்துக்கு மாறினால் அது நல்ல செய்தியாகவே இருக்கலாம்.

* மாத்திரை அட்டையின் பின்னால் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள். சாதாரண சளி, வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

* டிஸ்சார்ஜ் ஆகும்போது கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த முறை தொற்று வந்தால், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கியது என்பது புதிய டாக்டருக்குப் பெரிய உதவி.

ஐ.சி.யூ வாசலில் காத்திருப்பவர்களுக்கு, உள்ளே லேபில் நடப்பது எதுவும் தெரியாது. இரண்டாம் நாள் காலை, யாரோ ஒரு டெக்னீஷியன் மரக்குச்சியால் ஒரு புள்ளியைத் தொட்டு ஸ்டீல் தட்டில் தடவுகிறார். சில நிமிடங்களில் திரையில் ஒரு பெயர் வருகிறது. அவர் போனை எடுத்து வார்டுக்குச் சொல்கிறார். டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் ஒரு மருந்தை அடித்துவிட்டு, வேறொன்றை எழுதுகிறார். வெளியே நாற்காலியில் இருப்பவர்களிடம் வந்து, "கிருமி என்னன்னு தெரிஞ்சுடுச்சும்மா. மருந்தை மாத்தியிருக்கோம்" என்கிறார்.

மூன்றாம் நாள் வர வேண்டிய அந்தச் செய்தி, இரண்டாம் நாளே வந்துவிடுகிறது.